இல்லமே ஆய்வுக்களம்: மும்பையில் மனையியல் மேற்படிப்பு

ஒரு நாட்டின் பொருளாதாரத்தை ஆராய்வோர் வயல், தொழிற்சாலை, வங்கி, கருவூலம் ஆகியவற்றைப் பற்றி விரிவாகப் பேசுவர். ஆனால் இவற்றின் பயன்கள் யாவும் இறுதியில் வந்து சேருமிடம் குடும்பம். இந்தியாவின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் பாதிக்கும் மேற்பட்ட பகுதி குடும்பங்களின் நுகர்வுச் செலவாகவே அமைகிறது. எதை வாங்குவது, எதைச் சமைப்பது, யாருக்கு எவ்வளவு பகிர்வது, எதைச் சேமிப்பது என்ற முடிவுகள் நாள்தோறும் கோடிக்கணக்கான இல்லங்களில் எடுக்கப்படுகின்றன. இம்முடிவுகளை அறிவியல் முறையில் ஆராயும் துறையே மனையியல்.

இத்துறையைச் சமையல், தையல், வீட்டு அலங்காரம் ஆகியவற்றைக் கற்பிக்கும் பாடமென்று கருதுவோர் இன்றும் பலர் உளர். பள்ளி நிலையில் அது கற்பிக்கப்பட்ட முறை இக்கருத்துக்கு ஓரளவு இடமளித்திருக்கலாம். முதுகலை, முனைவர் பட்ட நிலைகளில் மனையியல் முற்றிலும் வேறான ஒன்று. உயிர்வேதியியல், பொருளியல், உளவியல், சமூகவியல் ஆகிய துறைகளின் முறைகளைக் குடும்பம் என்ற ஒரே அலகின்மீது ஒருங்கே செலுத்தும் பயன்முறை அறிவியல் அது. இதன் பயனையும் குறையையும் அறிய மும்பை மாநகரம் நல்ல எடுத்துக்காட்டாக விளங்குகிறது.

தோற்றமும் வளர்ச்சியும்

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் முதல் மாணவியாகிய எல்லென் சுவாலோ ரிச்சர்ட்ஸ் என்ற வேதியியல் அறிஞர், நீர், உணவு, காற்று ஆகியவற்றின் தூய்மையை ஆராய்ந்தவர். அவர் முன்னின்று 1899-இல் தொடங்கிய லேக் பிளாசிட் மாநாடுகளே இத்துறைக்கு வடிவம் கொடுத்தன. இந்த மாநாடுகளைத் தொடர்ந்து அமைக்கப்பட்ட அமெரிக்க மனையியல் கழகம் 1994-இல் தன் பெயரைக் குடும்ப, நுகர்வோர் அறிவியல் கழகம் என மாற்றிக் கொண்டது. வீட்டின் நான்கு சுவர்களுக்கு அப்பால் சந்தையும் சமூகமும் இத்துறையின் எல்லைக்குள் அடங்கும் என்பதையே இப்பெயர் மாற்றம் உணர்த்துகிறது.

இந்தியாவில் 1932-இல் டெல்லியில் தொடங்கப்பெற்ற லேடி இர்வின் கல்லூரி இத்துறைக்கு அடித்தளமிட்டது. அம்மையார் ஹன்ஸா மேத்தா துணைவேந்தராக இருந்த பரோடாப் பல்கலைக்கழகம் 1950-இல் மனையியலுக்கெனத் தனிப் புலம் அமைத்தது. தமிழகத்தில் தி. சு. அவினாசிலிங்கம் அவர்கள் 1957-இல் கோயம்புத்தூரில் நிறுவிய மனையியல் கல்லூரி, டாக்டர் ராஜம்மாள் தேவதாஸ் அவர்களின் வழிகாட்டுதலில் வளர்ந்து 1988-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. வேளாண்மைப் பல்கலைக்கழகங்களில் இப்பாடம் அண்மைக் காலத்தில் சமுதாய அறிவியல் என்ற பெயரைப் பெற்றுள்ளது.

மும்பையின் பங்கு தனிச் சிறப்புடையது. ஜப்பானிய மகளிர் பல்கலைக்கழகம் பற்றிய செய்திகளால் தூண்டப்பெற்ற மகரிஷி தொண்டோ கேசவ கார்வே, 1916-இல் புனேயில் பெண்களுக்கெனத் தனிப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கினார். சர் விட்டல்தாஸ் தாக்கர்சி வழங்கிய நன்கொடையால் அது அவருடைய அன்னையார் நாதிபாய் தாமோதர் தாக்கர்சியின் பெயரைப் பெற்றது. 1936-இல் அதன் தலைமையிடம் பம்பாய்க்கு மாறியது. 1951-இல் சட்டபூர்வமான தகுதி கிடைத்தது. ஜூஹுவில் இப்பல்கலைக்கழகத்தின் மனையியல் கல்லூரியும், மாதுங்காவில் அதனோடு இணைந்த பானுபென் மகேந்திர நானாவதி மனையியல் கல்லூரியும், நகரின் தென்பகுதியில் மும்பைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்த நிர்மலா நிகேதன் மனையியல் கல்லூரியும் இத்துறைப் படிப்புகளை நடத்தி வருகின்றன. மாதுங்காவிலேயே உள்ள வேதியியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் உணவுத் தொழில்நுட்பம் கற்பிக்கப்படுகிறது. செம்பூரை அடுத்த தேவனாரில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனமும், 1956-இல் தோன்றிய பன்னாட்டு மக்கட்தொகை ஆய்வியல் நிறுவனமும் அமைந்துள்ளன. குடும்பத்தைப் பற்றிய ஆய்வுக்கு வேண்டிய துறைகள் இவ்வளவு அருகருகே அமைந்த நகரங்கள் நம் நாட்டில் மிகச் சிலவே.

மேற்படிப்பின் பிரிவுகள்

பட்டப் படிப்பை முடித்த மாணவர், இரண்டாண்டு முதுகலைப் படிப்பில் பொதுவாக ஐந்து பிரிவுகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார். உணவும் ஊட்டச்சத்தும், மனித வளர்ச்சி, குடும்ப வள மேலாண்மை, துணியும் உடையும், விரிவாக்கக் கல்வியும் தகவல் தொடர்பும் என்பன அவை. கல்லூரிக்குக் கல்லூரி பெயர்கள் சற்று மாறுபடலாம். உள்ளடக்கம் ஏறத்தாழ ஒன்றே.

முதற் பிரிவு மாணவர்களை மிகுதியாக ஈர்ப்பது. உணவின் வேதியியல், நோயாளிக்குரிய உணவுமுறை, மக்கள் ஊட்டச்சத்து ஆகியவை இதில் அடங்கும். நமது நாட்டு ஊட்டச்சத்து ஆராய்ச்சியின் தொடக்கம் தமிழகத்தின் குன்னூரில் 1918-இல் ராபர்ட் மக்காரிசன் மேற்கொண்ட பெரிபெரி நோய் ஆய்வு என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது. அதன் வழிவந்ததே ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். அந்நிறுவனம் 2017-இல் வெளியிட்ட உணவுப் பகுப்பாய்வு அட்டவணைகள் 528 உணவுப் பொருள்களின் சத்து அளவுகளைத் தருகின்றன. ஊட்டச்சத்து மாணவருக்கு இவ்வட்டவணைகள் அன்றாடக் கருவி.

குடும்ப வள மேலாண்மை பொருளியலுக்கு மிக நெருங்கியது. வருவாய், நேரம், இடம், எரிபொருள், உடலுழைப்பு ஆகிய வளங்களைக் குடும்பம் எவ்வாறு பங்கிடுகிறது என்பதை அது ஆராய்கிறது. பிறப்பு முதல் முதுமை வரையிலான வளர்ச்சி நிலைகளை மனித வளர்ச்சிப் பிரிவும், இழை முதல் ஆடை வரையிலான பொருள்களின் தரத்தைத் துணியியற் பிரிவும் ஆராய்கின்றன. ஆய்வுக்கூடத்தில் கண்டறிந்ததை மக்களிடம் கொண்டு சேர்க்கும் முறைகளைக் கற்பிப்பது விரிவாக்கக் கல்வி.

கணக்கில் வாராத உழைப்பு

மனையியலும் பொருளியலும் சந்திக்கும் இடம் ஒன்றை இங்கு விளக்குதல் வேண்டும். அமெரிக்கப் பொருளியல் அறிஞர் மார்கரெட் ரீட், 1934-இல் வெளியிட்ட நூலில் இல்ல உற்பத்தியை அளக்க எளிய உரைகல் ஒன்றைத் தந்தார். ஒரு வேலையைக் கூலி கொடுத்து வேறொருவரைக் கொண்டு செய்வித்துக் கொள்ள இயலுமாயின் அது உற்பத்தியே என்பது அவரது கருத்து. சமையல், துவைத்தல், குழந்தை பேணல் யாவும் இவ்வுரைகல்லின்படி உற்பத்தியாகின்றன. எனினும் தேசியக் கணக்குகளில் இவை இடம்பெறுவதில்லை. வீட்டிலிருந்தே ஒரு பெண் விற்பனைக்கு அப்பளம் இட்டால் அது கணக்கில் சேர்கிறது. அதே கையால் தன் குழந்தைக்குச் சோறு சமைத்தால் சேர்வதில்லை.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டுப் பணிகளில் ஈடுபட்ட பெண்கள் அவற்றுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டனர். 2024 ஆய்வில் இவ்வளவுகள் முறையே 289, 88 எனப் பதிவாயின. ஏறத்தாழ ஐந்து மணி நேரம் என்பது ஓர் ஆலைத் தொழிலாளியின் வேலை நாளில் பாதிக்கும் மேற்பட்டது. இந்நேரத்தை அளப்பதும், குறைப்பதற்கு வழி காண்பதும் குடும்ப வள மேலாண்மையின் தலையாய பணிகள்.

தாராவி: வீடும் பட்டறையும்

மாதுங்காவிலிருந்து ரயில் பாதையைக் கடந்தால் அமைந்துள்ள பகுதி தாராவி. மேற்கு ரயில் பாதைக்கும் மத்திய ரயில் பாதைக்கும் இடையே, இரண்டரைச் சதுர கிலோமீட்டருக்கும் குறைவான பரப்பில் பல லட்சம் மக்கள் இங்கு வாழ்கின்றனர். சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்களின் கும்பார்வாடா, திருநெல்வேலிச் சீமையிலிருந்து குடியேறிய தமிழர்கள் உழைத்த தோல் பதனிடும் தொழில், தையற்கூடங்கள், பழம்பொருள் மறுசுழற்சி எனப் பல தொழில்கள் இங்கு வளர்ந்தன. மும்பையின் தெருக்களில் விற்கப்படும் இட்லியில் ஒரு பகுதி தாராவித் தமிழர் வீடுகளில் விடியற்காலையில் அவிக்கப்படுவதே.

இங்கு வீடு வேறு, பட்டறை வேறு என்ற பாகுபாடு பெரும்பாலும் இல்லை. நூறு சதுர அடி அறையொன்றே சமையலறையும், படுக்கையறையும், தொழிற்கூடமுமாக விளங்குகிறது. அப்பளம் இடும் பெண்கள் கவிழ்த்த மூங்கிற் கூடைகளின்மீது அவற்றை வெளியில் உலர்த்துகின்றனர். 1959-இல் கிர்காமில் ஏழு பெண்கள் 80 ரூபாய்க் கடனில் தொடங்கிய லிஜ்ஜத் நிறுவனமும் இத்தகைய வீட்டு உழைப்பையே அடிப்படையாகக் கொண்டது. பிசைந்த மாவைக் காலையில் பெற்றுச் சென்று, வீட்டில் இட்டு உலர்த்தி, மறுநாள் ஒப்படைத்துக் கூலி பெறும் முறை அது. வீட்டு நேரத்தையும் தொழில் நேரத்தையும் ஒரே பெண் ஒரே அறையில் பங்கிட வேண்டியிருப்பதால், ஒன்றின் நெருக்கடி மற்றொன்றைப் பாதிக்கிறது. குறித்த சில மணி நேரமே வரும் குழாய் நீர் இந்நெருக்கடியை மேலும் கூட்டுகிறது.

இப்பகுதியின் மறுசீரமைப்புத் திட்டம் தற்போது நடைமுறைக்கு வந்துள்ளது. தகுதி பெறும் குடும்பங்களுக்கு 350 சதுர அடி வீடு என 2024-இல் அறிவிக்கப்பட்டது. பரப்பளவு மும்மடங்காவது நன்மையே. ஆயினும் தரைத்தள வாயிலில் அப்பளம் உலர்த்திய குடும்பம் உயர்ந்த மாடியில் அதை எங்கு உலர்த்தும், மின் தூக்கிக்கும் பராமரிப்புக்கும் ஆகும் செலவை எவ்வாறு ஏற்கும் என்ற வினாக்கள் எழுகின்றன. இவற்றுக்குக் கட்டடப் பொறியாளர் மட்டும் விடை கூற இயலாது. வீட்டினுள் நடைபெறும் வேலைகளை மணிக்கணக்கிலும் சதுர அடிக்கணக்கிலும் அளந்து பழகிய வள மேலாண்மை ஆய்வாளர் திட்ட நிலையிலேயே கலந்துகொள்ள வேண்டும். வீடு கட்டி முடிந்தபின் எழுதப்படும் ஆய்வேடு நூலகத்திற்கே பயன்படும்.

குழந்தையின் உணவும் தாயின் நேரமும்

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டம் 1975 அக்டோபர் 2-ஆம் நாள் நாடெங்கும் 33 இடங்களில் தொடங்கப்பட்டது. அவற்றுள் ஒன்று தாராவி. துணை உணவு, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மேல் மருத்துவத்திற்குப் பரிந்துரை, முன்பருவக் கல்வி, தாய்மார்களுக்கு ஊட்டச்சத்துக் கல்வி என்னும் ஆறு பணிகளை அங்கன்வாடி வழியே வழங்குவது இத்திட்டத்தின் அமைப்பு. இவ்வாறு பணிகளும் மனையியல் மாணவர் படிக்கும் பாடங்களோடு நேரடித் தொடர்புடையவை. இத்திட்டத்தின் மேற்பார்வையாளர் பணிக்கு மனையியல் பட்டதாரிகள் பல மாநிலங்களில் விரும்பி ஏற்கப்படுவதற்கு இதுவே காரணம்.

தேவனாரிலுள்ள மக்கட்தொகை ஆய்வியல் நிறுவனம் ஒருங்கிணைத்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு 2019-21-இல் நடைபெற்றது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரமற்றோர் நாடு முழுவதும் 35.5 விழுக்காடு, மகாராஷ்டிரத்தில் 35.2 விழுக்காடு எனக் கண்டறியப்பட்டது. பொருள் வளத்தில் முன்னணியில் நிற்கும் மாநிலம் நாட்டின் சராசரியை ஒட்டியே இருப்பது சிந்தனைக்குரியது. 6 மாதம் முதல் 23 மாதம் வரையுள்ள குழந்தைகளில் போதிய உணவு பெற்றோர் நாடு முழுவதும் ஏறத்தாழ 11 விழுக்காட்டினரே.

வருவாய்க் குறைவு இதற்கு ஒரு காரணம். ஆனால் அது மட்டுமே காரணமன்று. சிறு குழந்தையின் இரைப்பை மிகச் சிறியது. ஆகவே குழந்தைக்கு நாளில் பலமுறை, சிறிது சிறிதாக, கெட்டியான உணவை ஊட்டுதல் வேண்டும். இதற்குத் தாயின் நேரம் தேவைப்படுகிறது. எடைக்கணக்கில் கூலி பெறும் தாய்க்கு ஒவ்வொரு முறை எழுவதும் வருவாய் இழப்பாகிறது. பருப்பும் கீரையும் முட்டையும் கொடுங்கள் என்று கூறிச் செல்வது எளிது. ஒரே அடுப்பில், இருக்கும் நீரில், கிடைக்கும் இடைவேளையில் அதை எவ்வாறு செய்வது என்று காட்டுவதே மேற்படிப்பின் பணி. பணம், நேரம், இடம், அறிவு ஆகிய நான்கையும் சேர்த்து நோக்கினாலன்றி இச்சிக்கலுக்குத் தீர்வு இல்லை.

மக்களின் பழக்கத்திலேயே பல தீர்வுகள் மறைந்துள்ளன. இட்லி மாவை எடுத்துக் கொள்வோம். மூன்று அல்லது நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்ற அளவு, அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தை உளுந்தால் ஈடு செய்கிறது. உளுந்தில் குறையும் மெத்தியோனினை அரிசி தருகிறது. இரவு முழுதும் புளிப்பதால் பி வகை வைட்டமின்கள் சில பெருகுகின்றன. எளிதில் செரிக்கும் தன்மையும் உண்டாகிறது. தாராவி வீடுகளில் விற்பனைக்கு அவிக்கப்படும் இவ்வுணவே பல் முளைக்கும் குழந்தைக்கும் ஏற்றது. இதற்குத் தனி அடுப்போ தனி நேரமோ வேண்டியதில்லை. அதேபோன்று, உணவுடனோ உணவுண்ட உடனேயோ தேநீர் அருந்தினால் இரும்புச் சத்து உடலில் சேர்வது குறைகிறது. எலுமிச்சை அல்லது நெல்லிக்காய் சேர்த்தால் அது கூடுகிறது. 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகையுற்ற நாட்டில், தேநீரை ஒரு மணி நேரம் தள்ளி அருந்துமாறு கூறுவது செலவே இல்லாத அறிவுரை. இரும்புச் சத்து மாத்திரைகளுக்கு இது மாற்றன்று. ஆயினும் அவற்றுக்குச் சிறந்த துணை.

மருத்துவமும் சமூகப் பணியும் இங்கு முன்மாதிரிகளைத் தந்துள்ளன. தாராவியை அடுத்த சயான் பகுதியிலுள்ள லோகமான்ய திலக் மாநகராட்சிப் பொது மருத்துவமனையில் 1989-இல் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் தாய்ப்பால் வங்கியை அமைத்தார். ஆசியாவில் இவ்வகையில் இதுவே முதலாவது. பின்னர் 1999-இல் அவர் தொடங்கிய ஸ்னேஹா என்ற தொண்டு நிறுவனம் தாராவியில் தாய், சேய் நலப் பணிகளை ஆற்றி வருகிறது. மருத்துவமனையில் தேறிய குழந்தை மீண்டும் அதே வீட்டுக்கே திரும்புவதால், வீட்டுக்குள் மாற்றம் ஏற்பட்டாலன்றி நலம் நிலைக்காது என்பதே இப்பணிகள் தரும் பாடம்.

நுகர்வோர் அறிவு

குடும்பச் செலவு பற்றிய 2023-24 ஆய்வின்படி, நகர்ப்புறத்தில் நபரொருவரின் மாதச் சராசரிச் செலவு 6,996 ரூபாய். இதில் உணவின் பங்கு ஏறத்தாழ 40 விழுக்காடு. கிராமப்புறத்தில் 47 விழுக்காடு. வருவாய் குறையக் குறைய உணவின் பங்கு கூடும் என்பது 1857-இல் ஜெர்மானிய அறிஞர் ஏங்கல் கண்ட விதி. ஆகவே எடைக் குறைவும் கலப்படமும் ஏழைக் குடும்பத்தையே மிகுதியாகப் பாதிக்கின்றன. துவரம் பருப்புடன் கேசரிப் பருப்பும், மஞ்சள் தூளில் ஈயக் குரோமேட்டும் கலக்கப்படுவது பண இழப்போடு உடலுக்கும் கேடு விளைப்பது.

இத்துறையிலும் மும்பை முன்னோடி. ஒன்பது பெண்கள் சேர்ந்து 1966-இல் இங்கு நிறுவிய இந்திய நுகர்வோர் வழிகாட்டிச் சங்கம், நாட்டில் நுகர்வோர் இயக்கத்துக்கு வழிகாட்டியது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது அதற்கு இருபது ஆண்டுகளுக்குப் பின்னர், 1986-இல்தான். அதற்கு மாற்றாக இயற்றப்பட்ட 2019-ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. உணவுப் பாதுகாப்புக்கு 2006-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. சட்டங்கள் போதிய அளவில் உள்ளன. அவற்றைப் பயன்படுத்தும் அறிவு பரவலாக இல்லை. மூலப்பொருளின் தரத்தைச் சோதிக்கவும், முத்திரையையும் காலாவதி நாளையும் படித்தறியவும், முறையீடு எழுதவும் கற்பிப்பது விரிவாக்கக் கல்வியின் பணியாகும்.

வேலைவாய்ப்பு

முதுகலைப் பட்டம் பெற்றோர் மருத்துவமனை உணவியல் வல்லுநர், உணவுத் தொழிற்சாலைத் தர ஆய்வாளர், குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர், ஆடைத் தொழில் வல்லுநர், சிறப்புக் கல்விப் பணியாளர் எனப் பல துறைகளில் பணியாற்றுகின்றனர். கல்லூரி ஆசிரியப் பணியை விரும்புவோருக்குத் தேசியத் தகுதித் தேர்வில் மனையியல் தனிப் பாடமாக உள்ளது. 2021-இல் இயற்றப்பட்ட துணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டம் உணவியல், ஊட்டச்சத்து வல்லுநர்களையும் தன் வரம்பில் சேர்த்துள்ளது. தகுதியற்றோர் ஊட்டச்சத்து அறிவுரை வழங்கிப் பொருள் ஈட்டும் இக்காலத்தில் இது வரவேற்கத்தக்க ஏற்பாடு.

செய்ய வேண்டியவை

மூன்று குறைகள் களையப்பட வேண்டும். முதலாவது, களத்துக்கும் வகுப்பறைக்கும் உள்ள இடைவெளி. மாதுங்காவுக்கும் தாராவிக்கும் இடையே தொலைவு சிறிதே. ஆனால் முதுகலை மாணவர் சில வாரம் தாராவிக்குச் சென்று வினாப்பட்டியல் நிரப்பித் திரும்புவதோடு பணி முடிந்துவிடக் கூடாது. ஓர் அங்கன்வாடியோடு ஓராண்டு இணைந்திருந்து, கண்டறிந்ததை அங்குள்ள பணியாளரிடமும் தாய்மாரிடமும் திருப்பிக் கூறும் கடமை படிப்பின் பகுதியாக வேண்டும்.

இரண்டாவது மொழி. மராத்தி, இந்தி, குஜராத்தி, தமிழ் பேசும் குடும்பங்கள் ஒரே தெருவில் வாழும் பகுதியில், ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஆய்வேடு யாருக்கும் எட்டாது. செம்பூரிலும் மாதுங்காவிலும் தமிழ் பேசும் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. அக்குடும்பங்களின் மாணவர்கள் இத்துறைக்கு வருவாராயின், தாராவித் தாய்மாரிடம் அவர்களுடைய மொழியிலேயே பேச இயலும்.

மூன்றாவது, இது பெண்களுக்கு மட்டும் உரிய பாடம் என்னும் எண்ணம். வீட்டுப் பணிகளில் பெண்கள் 289 நிமிடமும் ஆண்கள் 88 நிமிடமும் செலவிடும் நிலை, குடும்ப மேலாண்மையைப் பெண்களுக்கு மட்டும் கற்பித்தால் மாறாது. பெண்களுக்கெனத் தோன்றிய பல்கலைக்கழகங்கள் தம் பணியைத் தொடர்வது வேண்டும். ஏனைய பல்கலைக்கழகங்களில் ஆண் மாணவர்களும் இத்துறையை நாட ஊக்குவித்தல் வேண்டும்.

திட்டங்கள் தலைநகரங்களில் தீட்டப்படுகின்றன. நிதி அலுவலகங்கள் வழியே பாய்கிறது. ஆனால் அவை வெற்றியா தோல்வியா என்பது ஒரு குழந்தையின் தட்டில்தான் தெரியவருகிறது. தட்டுவரை சென்று அளக்கும் பயிற்சி பெற்றவர்கள் மனையியல் முதுகலையர். அவர்களைத் திட்டம் முடிந்தபின் மதிப்பீட்டுக்கு அழைக்கும் நிலை மாறித் திட்டம் தீட்டும்போதே அழைத்தல் வேண்டும். அப்போதுதான் நலத்திட்டங்களுக்குச் செலவிடும் பணம் குடும்பத்தின் நலனாக முழுமையாக மாறும்.